நாலு மூலையும் ஒரே நேரத்தில்

பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு மேல் மாட்டும் பைபர் கேனோபியின் எடை, அளவையும் கண்ணாடிகளையும் பொறுத்து 60 முதல் 90 கிலோ வரை இருக்கும். நாலு பேர் பிடித்தால் ஆளுக்கு இருபது கிலோ. தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் பலர் நட்டைக் கழற்றியதும் ஆளுக்கொரு பக்கம் கை வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். இறக்கிய பிறகு பார்த்தால், பக்கக் கண்ணாடியின் மூலையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு பெயின்ட்டில் ஓடியிருக்கும். யாரும் இடிக்கவில்லை, யாரும் கீழே போடவில்லை. பிறகு எப்படி விரிசல்? கேனோபியை உடைப்பது பெரும்பாலும் அதன் எடை அல்ல, முறுக்கு.

பிக்கப்பைச் சொந்தக் கார் மாதிரி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மூருக்குப் புதிது. ஒரு காலத்தில் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை இருந்தது. அங்கிருந்து வந்த ‘ஸ்டாண்டர்ட் 20’ முழுக்க முழுக்க உழைக்கிற வண்டி. 1988-இல் வந்த டாடா மொபைலும் அப்படித்தான். மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கினால் போதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இசுஸு மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம் 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் ஆலையைத் திறந்து, அடுத்த மாதமே ‘டி-மேக்ஸ் வி-கிராஸ்’ வண்டியைக் கொண்டு வந்தது. அலுவலகத்துக்கும் போகலாம், ஏலகிரிக்கும் போகலாம் என்ற ரகம். 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் சேர்ந்துகொண்டது. இந்த ரக வண்டிக்குக் கேனோபி போடும் கலையை முழுத் தொழிலாக வளர்த்தது தாய்லாந்து. டி-மேக்ஸ் 2002-இல் பிறந்ததே அங்கேதான். கேரிபாய் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி அச்சு வைத்துப் பைபர் மூடி வார்க்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் அந்த மூடி எவ்வளவு உதவி என்பதை முடிச்சூர், வரதராஜபுரம் வாசிகளிடம் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஆனால் மழைக்காலம் முடிந்து வீட்டு வேலைக்கு மணலோ, உயரமான பீரோவோ ஏற்ற வேண்டி வந்தால் அதே மூடி தொல்லை. கழற்றித்தான் ஆகவேண்டும்.

கழற்றுவதற்கு முன், அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1932-இல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட முயன்றார். உருகிய கண்ணாடிமேல் அழுத்தக் காற்று பட்டுவிட, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்யும் முறையாக மாற்றியவர் அவருடைய மேலாளர் கேம்ஸ் ஸ்லேட்டர். அந்த இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து இறுகவிட்டால் கிடைப்பதுதான் நாம் ‘பைபர்’ என்று சொல்லும் பொருள். 1953-இல் செவர்லே கார்வெட் முழு உடலும் பைபரில் வந்தது. இந்தியாவில் 1982-இல் பெங்களூரின் சிபானி நிறுவனம் ‘டால்பின்’ காரைப் பைபர் உடலோடு விற்றது. சென்னைக்குத் தெற்கே இந்தப் பொருளை நன்றாக அறிந்தவர்கள் மீனவர்கள். 1979-இல் மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், எண்பதுகளில் கரையில் ஏற்றக்கூடிய பைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. இன்று கோவளம் கரையில் கட்டுமரத்தைவிடப் பைபர் படகுதான் கண்ணில் படும்.

பைபரின் சாமர்த்தியம் அதன் தடிமனில் இருக்கிறது. கேனோபிக்குப் போடும் ‘மேட்’ ரகப் பைபரின் விறைப்பு எண் 7 கிகாபாஸ்கல் அளவுதான். எஃகுக்கு 200. நேருக்கு நேர் ஒப்பிட்டால் பைபர் தோற்றுவிடும். ஆனால் ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் பலம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 0.8 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. 4 மில்லிமீட்டர் பைபரும் ஏறத்தாழ அதே 6.4 கிலோ. எடை ஒன்றுதான், ஆனால் வளைவை எதிர்ப்பதில் பைபர் நாலு மடங்குக்கும் மேல் முந்துகிறது. கூரைமேல் கையால் அழுத்திப் பார்த்து ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று சொல்கிறோமே, அந்த நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

அந்த நம்பிக்கை தப்பாகப் போகும் இடம் முறுக்கு.

110 மில்லிமீட்டர் பிவிசி கழிவுநீர்க் குழாய் ஒன்றை எடுத்து இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக ரம்பத்தால் பிளந்துவிட்டு முறுக்கினால் ஈரத்துணி மாதிரி திரும்பும். பொருள் குறையவில்லை, எடை குறையவில்லை, மூடியிருந்த வளையம் திறந்துகொண்டது, அவ்வளவுதான். இயந்திரவியல் சூத்திரம் இதற்குக் கணக்கே தருகிறது: பிளவால் முறுக்கு விறைப்பு குறையும் மடங்கு, ஆரத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் வருவது. 3 மில்லிமீட்டர் சுவர் உள்ள அந்தக் குழாய்க்கு இது ஆயிரம் மடங்குக்குச் சற்றே குறைவு.

கேனோபி பிறவியிலேயே பிளந்த குழாய். கீழே திறப்பு, பின்னால் கதவுக்காகத் திறப்பு, இரு பக்கமும் ஜன்னல் ஓட்டைகள். வண்டியில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும்வரை தொட்டியின் எஃகு விளிம்பு அந்தத் திறப்பை மூடி, வளையத்தை முழுமையாக்குகிறது. ஜிஎஸ்டி சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் கேனோபி தாங்குவது அதன் சொந்த பலத்தால் மட்டுமல்ல, கீழே உள்ள தொட்டியின் துணையாலும்தான். கடைசிக் கிளாம்ப் கழன்ற கணத்தில் அந்தத் துணை போய்விடுகிறது. அப்போது ஒரு மூலையில் நிற்பவர் அரை அடி முந்தித் தூக்கினால், எதிர் மூலையில் இருப்பவர் கையிலுள்ள கனமே முறுக்கு விசையாக மாறி, கூரை வழியாக ஜன்னல் மூலைக்குப் போய்ச் சேரும்.

ஏன் ஜன்னல் மூலை? துளை இருக்கும் இடத்தில் விசை ஓரமாகக் குவியும் என்பதை 1898-இலேயே ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இழுபடும் தகட்டில் அழகான வட்டத் துளையின் ஓரத்திலேயே விசை மூன்று மடங்காகும். மூலை கூரானால் அதற்கும் மேல். அந்த இடத்தில் வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அதில் இழையும் கிடையாது. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பதால் அதிகமாக நீள்வதும் அதுதான், முதலில் பிளப்பதும் அதுதான். உள்ளே இருக்கும் இழை தாங்கிக்கொண்டு நிற்கும். அதனால் கேனோபி ஒரேயடியாக உடைந்து விழாது. ஆனால் அந்த மயிரிழைக் கோட்டின் வழியே மழைநீர் நுழைந்து, வெயிலில் விரிந்து, நாளடைவில் அடுக்குகளைப் பிரித்துவிடலாம். இடிபட்ட பம்பரைவிட இது மோசமான சேதம், ஏனென்றால் வெளியே தெரிவதற்குள் உள்ளே பரவிவிடுகிறது.

எனவே கழற்றும் வேலையின் ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது இது எங்கே முறுகும்?

முதலில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கூரைக் கேரியரில் ஏணி, கூடாரம் ஏதாவது இருந்தால் இறக்கிவிட வேண்டும். பிறகு மின்கம்பி. உள்விளக்குக்கும் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்குக்கும் போகும் வயர், பெரும்பாலும் முன்பக்க மூலையில் ஒரு சாக்கெட்டில் இணைந்திருக்கும். அதைப் பிரித்து முனையில் டேப் சுற்றி வைத்தால் போதும். இதை மறந்துவிட்டுத் தூக்கினால், வயர் அறுவதைவிட வேறொன்று கவலை தரும்: ஒரு மூலை திடீரென்று பிடித்துக்கொள்ளும், மற்ற மூன்றும் எழும்பும். மறுபடி முறுக்கு.

பின்கதவைக் கழற்றிவிடுவது நல்லது. அகலம் 1.2 மீட்டர், உயரம் அரை மீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கண்ணாடி மட்டுமே 7.5 கிலோ. கீல், பூட்டு சேர்ந்தால் பத்து கிலோவைத் தொடும். அந்தக் கதவைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தண்டுகளுக்குள் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு இருக்கிறது. கதவு முழுக்கத் திறந்திருக்கும்போதும் அவை தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஒருவர் கண்ணாடியை இரு கையாலும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் தண்டு நுனியில் உள்ள சிறு கிளிப்பை நெம்பி எடுக்க வேண்டும். தாங்க ஆள் இல்லாமல் ஒரு தண்டை எடுத்தால் கதவு கோணலாகத் திரும்பிக் கீலை வளைக்கும். பழைய தண்டைத் துளை போட்டுப் பார்ப்பதோ, குப்பையோடு கொளுத்துவதோ வேண்டவே வேண்டாம்.

கதவு போனபின் பின்வாய் அகலத் திறந்துகொள்ளும். இங்கே ஒரு மலிவான வைத்தியம் உண்டு. கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் கிடைக்கும் சவுக்குக் கட்டை இரண்டு எடுத்து, கேனோபியின் இரு கால்களுக்கும் குறுக்கே, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, அடிவிளிம்போடு சேர்த்துத் துணி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால், கால்கள் உள்ளே வெளியே ஆடுவது நிற்கும். மூலைவிட்டமாக இரண்டு கயிறும் இழுத்துக் கட்டினால் முறுக்கும் குறையும். தொட்டி செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கை இவை ஏற்றுக்கொள்கின்றன. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத கடைக்காரர்களுக்கு நேரமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

கிளாம்ப் பக்கம் வந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கும் வண்டிக்கும் கூடுவாஞ்சேரி வண்டிக்கும் வித்தியாசம் தெரியும். பெரும்பாலான கிளாம்ப்கள் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே உப்பு ஈரம் என்றால் ஒரு குட்டி பேட்டரியே உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். அப்போது உண்டாகும் வெள்ளைப் பொடி மரைக்குள் வீங்கி போல்ட்டைப் பூட்டிவிடும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டால் காலையில் ஸ்பேனருக்கு அடங்கும். சுத்தியலால் தட்டக் கூடாது. அடி முழுதும் கிளாம்ப் வழியே பைபர் விளிம்புக்குப் போகும். எல்லாக் கிளாம்பையும் முதலில் சிறிது சிறிதாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், ஒரு கிளாம்ப் மறந்து நிற்குமானால் மேலே சொன்ன கதைதான்.

கிளாம்ப் போன பிறகும் கேனோபி அசையாமல் நிற்கலாம். அடியில் உள்ள ரப்பர் பீடிங், வருடக்கணக்கான வெயிலில் வண்டியின் பெயின்ட்டோடு ஒட்டிப்போயிருக்கும். இந்த மாதிரிப் பசைகளுக்கு ஒரு குணம் உண்டு: அவசரமாக இழுத்தால் திடப்பொருள் மாதிரி எதிர்க்கும், மெதுவாக இழுத்தால் பிசினாக நீண்டு விட்டுக்கொடுக்கும். ஆகவே ஒரே வெட்டாகத் தூக்குவது மிகக் கெட்ட வழி. ஒரு பக்கம் விடுபட்டு மறுபக்கம் ஒட்டியிருந்தால் மூடி எப்படி முறுகும் என்று சொல்லத் தேவையில்லை. மீன்பிடி நைலான் நரம்பை இடுக்கில் நுழைத்து இரு முனையையும் பிடித்து அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பெயின்ட்டுக்குக் கீறல் இல்லாமல் பீடிங் விடும். பிடிவாதமான இடத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டலாம். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்புகிறவர்கள், நெம்புகோலின் முழு விசையையும் ஒரு புள்ளியில் பைபர் விளிம்புக்குக் கொடுக்கிறார்கள்.

இனி ஆட்கள். ‘ஆளுக்கு இருபது கிலோ’ என்ற கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்த சூத்திரம் பதில் சொல்லும். உடலோடு ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே, நேராக நின்று தூக்கும் உகந்த நிலையில் 23 கிலோ வரை சரி என்கிறது அது. சுமை உடலைவிட்டு விலக விலக அந்த எண் சரியும். பிக்கப் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒட்டி நின்று 30 சென்டிமீட்டர் தள்ளிக் கை வைப்பவருக்கு அளவு 16.5 கிலோ ஆகிவிடும். பின்னால் டெயில்கேட் மேல் எட்டி 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பவருக்கு 10 கிலோதான். 80 கிலோ மூடிக்கு நாலு பேர் போதாது, ஆறு பேர் வேண்டும். மூலைக்கு ஒருவர், இரு பக்க நடுவிலும் ஒருவர். எல்லோரும் அடிவிளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். ஜன்னல் சட்டமோ, கூரைக் கேரியரோ பிடிப்பதற்கல்ல. தொட்டிக்குள் குனிந்து நின்று முதுகால் கூரையை முட்டித் தள்ளும் வித்தையும் பல இடங்களில் நடக்கிறது. அது முதுகெலும்புக்கும் கேடு, கூரையின் நடுவுக்கும் கேடு.

குரல் கொடுப்பவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். ‘ஐலசா’ என்று படகு தள்ளுகிறவர்கள் பாடுவது களைப்பு தெரியாமல் இருக்க மட்டுமல்ல, எல்லோர் விசையும் ஒரே கணத்தில் விழுவதற்காகவும்தான். முதலில் நாலு விரல்கடை நேராக மேலே. எல்லா மூலையும் விடுபட்டதா என்று பார்த்துவிட்டு, இன்னும் அரை அடி. பிறகுதான் பின்பக்கமாக நகர்வது.

ஆள் கிடைக்காவிட்டால் ஷெட்டில் செயின் பிளாக். இதில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஒரே கொக்கியிலிருந்து பெல்ட்டுகளைப் படுக்கையாக விரித்துக் கட்டினால் அவை மூடியைத் தூக்குவதோடு உள்பக்கமாகவும் நசுக்கும். 80 கிலோவுக்கு இரு பக்கப் பெல்ட்டும் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் நின்றால், ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ விசையில் இழுபடும். அதில் 69 கிலோ உள்நோக்கிய நெருக்கடி. 60 டிகிரியாக உயர்த்தினால் நெருக்கடி 23 கிலோவாகக் குறைந்துவிடும். கேனோபியைவிட அகலமான கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து அதிலிருந்து பெல்ட்டை நேர் கீழே விட்டால் நெருக்கடியே இல்லை. மூடி தொங்கியதும் அதை நகர்த்த வேண்டாம், வண்டியை மெல்ல முன்னால் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அடியில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் கடற்காற்று மதியவாக்கில் எழும். ஆடி, ஆவணி மாலைகளில் இடிமழைக்கு முன்னால் ஒரு சூறை வரும். கேனோபியின் கூரை 2.25 சதுர மீட்டர். சாய்த்துப் பிடிக்கும்போது 36 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மேல் பட்டால் 14 கிலோ தள்ளும். 54 கிலோமீட்டர் என்றால் 31 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, விசை இரண்டேகால் மடங்கு. காலை ஆறு, ஏழு மணிக்குள் முடிப்பதே சரி.

கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வெட்டிய விளிம்பிலும் துளைகளிலும் நீட்டி நிற்கும் கண்ணாடி இழைகள் தோலில் குத்தி அரிக்கும். தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவினால் போகும். புற்றுநோய் பயம் பலருக்கு உண்டு. பைபரில் பயன்படும் தொடர் இழைக் கண்ணாடியை உலக சுகாதார நிறுவனத்தின் ஐஏஆர்சி, 2002 அறிக்கையில் ‘மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாதது’ என்ற மூன்றாம் பிரிவில்தான் வைத்தது. அதற்காகத் துளை போடும்போது மூக்கை மூடாமல் இருக்கலாம் என்று பொருளில்லை.

கழற்றியதை வைக்கும் இடத்தில்தான் மீதிச் சேதம் நடக்கிறது. மொட்டைமாடியில் சுவரோரம் சாய்த்து வைப்பது சுலபம், ஆனால் பாலியெஸ்டர் சூட்டில் இளகும். சாதாரண ரக ரெசின் 60, 70 டிகிரியைத் தாண்டினால் விறைப்பை இழக்கத் தொடங்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் நிழலில் பதிவானதே 45 டிகிரி. வெயிலில் கிடக்கும் கறுப்பு கேனோபியின் மேற்பரப்பு அதைவிட எவ்வளவோ சூடேறும். ஒரு மூலை மட்டும் பாரம் தாங்கி மாதக்கணக்கில் நின்றால் அந்தக் கோணல் அப்படியே நிலைத்து, அடுத்த மழைக்காலத்தில் மாட்டும்போது பீடிங் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் வாய் பிளக்கும். அடிவிளிம்பு முழுதும் படும்படி சமமான பலகைகள், அதன்மேல் பஞ்சுத் தகடு, மேலே நிழல், காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கயிறு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரத்தின் மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் அந்தக் கயிற்றைத் தவிர்க்க மாட்டார்கள்.

சட்டமும் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேனோபி வண்டியோடு வந்த அங்கீகரிக்கப்பட்ட உதிரியா, வெளியே செய்து மாட்டியதா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். டிஎன்-11 எண் பலகைக்காரர்கள் தாம்பரம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

திரும்ப மாட்டும்போது பழைய பீடிங்கை உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். ஒருமுறை நசுங்கிய ரப்பர் பஞ்சு பழைய உயரத்துக்கு எழாது. கிளாம்ப்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் மூடி நேராக உட்காரும். பக்கத்து ஷெட்வரைதானே என்று கிளாம்ப் போடாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கூரையின் பரப்பால் பெருக்கினால் 68 கிலோ வருகிறது. அதில் ஒரு பங்கு மேல்நோக்கி இழுக்கும்போது பள்ளத்தில் வண்டி ஒரு குதி குதித்தால், மூடி பின்னால் வரும் பைக்கின்மேல்தான் போய் விழும். புதுப் பீடிங் முதல் சில நாட்களில் அமுங்கி உட்காருவதால் கிளாம்ப்பின் பிடி தானாகவே தளரும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி ஸ்பேனர் போட்டு அரைச்சுற்று இறுக்கிவிட்டால், அடுத்த தடவை கழற்றும்வரை தொட வேண்டியதில்லை.